ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு காரணம்

பிப்ரவரி 4

மைத்துனருக்கு,

நீங்களும் உங்கள் மனைவியும் குழந்தையும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். எனக்கு வலது முழங்கால் மடங்குவதில்லை. மற்றபடி குறை ஒன்றுமில்லை. இருந்தாலும் கேட்க இங்கே ஆள் இல்லை.

ஆறு வருடம் கழித்து எழுதுகிறேன். பிரசவ உதவிக்கென்று மூன்று மாதம் சொல்லிவிட்டு வந்த உங்கள் அக்கா ஆறு மாதமாக அங்கேயே இருப்பதைப் பற்றி அல்ல. அது அவள் பாடு. இது வேலை விஷயம்.

இருபத்திரண்டு வருடம் மெய்ப்புத் திருத்திய என்னை, இனி எல்லாம் கணினியில்தான் என்று சொல்லி வெளியே அனுப்பிய அச்சகத்தார் இப்போது பத்துத் தொகுதிகளில் கலைக்களஞ்சியம் போடுகிறார்கள். திருத்தத் தெரிந்த ஆள் கிடைக்கவில்லை. சொந்தக் கணினியில், திரையிலேயே திருத்த வேண்டுமாம். நாற்பது மாதிரிப் பக்கங்களை ஜூன் முப்பதுக்குள் அனுப்பினால் வேலை எனக்கு. இல்லையென்றால் வேறொருவருக்கு. ஐம்பத்து மூன்று வயதில் இன்னொரு முறை யாரும் கூப்பிடமாட்டார்கள். நூலகத்தில் உட்கார்ந்து கணினி பழகிவிட்டேன். யாரிடமும் கேட்கவில்லை.

கடையில் பூட்டித் தரும் கணினியை வாங்கமாட்டேன். மூடிக்குள் எதைப் போட்டிருக்கிறான் என்று யார் கண்டது? பாகங்களைத் தனித்தனியாக வாங்கி நானே பூட்டுவேன். கணினிக்கடை வைத்திருக்கும் நீங்கள் ஒரு பட்டியல் அனுப்பவும். தொலைபேசி வேண்டாம். நான் வேலையை இழந்த வாரம், "அத்தானுக்கு எல்லாம் தெரியும்க்கா, எதுவும்தான் வராது" என்று நீங்கள் தொலைபேசியில் சொன்னதை அடுத்த அறையில் இன்னொரு ரிசீவரில் கேட்டேன். பிறகு "நான் அப்படிச் சொல்லவே இல்ல" என்றீர்கள். எழுத்தில் இருந்தால் அப்படிச் சொல்ல முடியாது.

அங்குள்ளவர்களை விசாரித்ததாகச் சொல்லவும்.

உங்கள் அக்காள் கணவன்


பிப்ரவரி 16

அன்புள்ள அத்தானுக்கு,

இங்கே அனைவரும் சௌக்கியம். குழந்தைக்குப் பல் முளைக்கிறது, வீடே அலறுகிறது. முழங்காலை டாக்டரிடம் காட்டுங்கள்.

உங்கள் கடிதம் வந்ததே பெரிய சந்தோஷம். "அத்தான் எழுதியிருக்காரு, அதுவும் கம்ப்யூட்டர் செய்யப் போறாராம்" என்று வாசலில் இருந்தே கத்திவிட்டேன். அக்கா அடுப்பை அணைத்துவிட்டு வந்து கடிதத்தை வாங்கினாள். இரண்டு தடவை படித்தாள்.

இதெல்லாம் சின்ன விஷயம் அத்தான். பிராசஸர், அதற்கேற்ற மதர்போர்டு, ராம், எஸ்எஸ்டி, பவர் சப்ளை, கேபினெட், மானிட்டர். ஏழே ஏழு. மாடல் எண்களைத் தனித்தாளில் எழுதியிருக்கிறேன். அப்படியே கடையில் நீட்டுங்கள். ரொம்ப யோசிக்காதீர்கள். நம்புங்கள்.

அக்கா நன்றாக இருக்கிறாள். வேளாவேளைக்குச் சாப்பிடச் சொன்னாள்.

உங்கள் மைத்துனன்


பிப்ரவரி 24

மைத்துனருக்கு,

கடிதம் கிடைத்தது. உங்கள் வீட்டில் அனைவரும் நலம் என்று அறிந்தேன். நானும் அப்படியே.

"நம்புங்கள்" என்ற சொல்லைப் பார்த்ததும் பட்டியலை மடித்து வைத்துவிட்டேன். என் மேசையிலிருந்து காரணம் இல்லாத திருத்தம் ஒன்றுகூட வெளியே போனதில்லை. ஒரு காற்புள்ளியை எடுத்தாலும் ஓரத்தில் ஏன் என்று எழுதுவேன். நீங்கள் ஏழு மாடல் எண்களைக் கிறுக்கிவிட்டு நீட்டச் சொல்கிறீர்கள். இந்த ஏழும் உங்கள் கடையில் விலைபோகாமல் கிடப்பவை இல்லை என்று எனக்கு எப்படித் தெரியும்? இங்கே கிடைக்கவில்லை என்று நான் எழுதினால், "அதனால என்ன, நானே அனுப்புறேன் அத்தான்" என்பீர்கள். அதற்குத்தான் காத்திருக்கிறீர்களோ என்னவோ.

ஏழு பாகங்களுக்கும் தனித்தனியாகக் காரணம் எழுதி அனுப்பவும். காரணம் இல்லாத எதையும் நான் வாங்குவதில்லை.

இன்னொன்று. என் கடிதம் உங்கள் பெயருக்கு வந்தது. இரண்டு தடவை படிக்க அதில் என்ன இருக்கிறது?

குழந்தையின் பல்வலி குறைந்திருக்கும்.

உங்கள் அக்காள் கணவன்


மார்ச் 14

அன்புள்ள அத்தானுக்கு,

முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்து வருகிறீர்களா? இங்கே குறையொன்றுமில்லை. குழந்தைக்கு இரண்டு பல் வந்துவிட்டது. கடை வேலையில் கை ஒழிவதில்லை, அதனால் இனிமேல் கடிதம் அச்சில்தான் வரும். கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

கேட்டபடி காரணங்கள். பிராசஸர் நடுத்தரமானது போதும், நீங்கள் படம் வரையப் போவதில்லை, எழுத்துப் படிக்கப் போகிறீர்கள். அது சூடாகாது. சூடாகாவிட்டால் ஃபேன் மெதுவாகச் சுற்றும். தெருவில் பேருந்து நின்றாலே பேனாவை மூடி வைப்பவருக்கு இரையும் ஃபேன் ஆகாது. மதர்போர்டு, அந்தப் பிராசஸர் உட்காரும் பள்ளம் உள்ளதாக இருக்க வேண்டும். இதில் மட்டும் வேறு யோசனை வேண்டாம். கேபினெட்டுக்கு முன்பக்கம் தூசி வடிகட்டி அவசியம், எதிரே மரம் அறுக்கும் பட்டறை இருக்கிறது. ஸ்விட்ச் மேல்பக்கம் உள்ளதாகப் பாருங்கள். குனிய வேண்டாம்.

பவர் சப்ளையில் சிக்கனம் வேண்டாம். பட்டறை ரம்பம் ஓடும்போது உங்கள் மேசை விளக்கு மங்கும். எஸ்எஸ்டி, திருத்தியதைச் சேமித்து வைக்கும் பாகம், அதில் சுற்றும் தட்டு இல்லை, சத்தம் வராது. மானிட்டர் செங்குத்தாகத் திருப்பக்கூடியதாக இருக்கட்டும். முழுப் பக்கத்தையும் ஒருமுறை பார்த்த பிறகுதான் நீங்கள் முதல் வரிக்கு வருவீர்கள். பாதிப் பக்கம் மட்டும் தெரிந்தால் மீதியில் எதையோ மறைக்கிறார்கள் என்று தோன்றும்.

ராம் ஒரே பெரிய துண்டாக வேண்டாம், இரண்டு சிறியதாக வாங்குங்கள். ஒன்று கெட்டாலும் மற்றதில் ஓடும். தனியாக இருக்கிறவருக்கு அது முக்கியம்.

சாப்பாட்டைத் தள்ளிப்போட வேண்டாம்.

உங்கள் மைத்துனன்


மார்ச் 21

மைத்துனருக்கு,

உடம்பு பரவாயில்லை. ஒத்தடம் கொடுக்கவில்லை. நீங்கள் அனைவரும் சுகம் என்று எடுத்துக்கொள்கிறேன்.

காரணங்களைப் படித்தேன். தப்பு சொல்ல முடியாத காரணங்கள். அதுதான் எனக்கு உறுத்துகிறது. பட்டறை வந்து மூன்று வருடம்தான் ஆகிறது. நீங்கள் என் வீட்டுப் படி ஏறி ஆறு வருடம். என் மேசை விளக்கு மங்குவது உங்கள் ஊரில் எப்படித் தெரிந்தது? நான் பேனா மூடுவதை உங்கள் கடையில் உட்கார்ந்து யார் சொல்லிச் சிரிக்கிறார்கள்?

உங்கள் அக்காவைத் தவிர யாராக இருக்க முடியும். நான் எப்படிப் படிக்கிறேன், எதைப் பார்த்துச் சந்தேகப்படுகிறேன் என்பதெல்லாம் அங்கே வருகிறவன் போகிறவன் காதில் விழுகிறதா? எனக்கு வேண்டியது கணினி. என்னைப் பற்றிய விமரிசனம் அல்ல.

அவளுக்கு இதில் தலையிட ஒன்றுமில்லை. பன்னிரண்டு வருடத்துக்கு முன் அவளும் ஒரு கணினி வகுப்புக்கு விண்ணப்பித்தாள். இடம் கிடைக்கவில்லை. அதோடு அந்த ஆசை முடிந்தது. அவளையே கேட்டுப் பாருங்கள்.

மறுமொழியை உடனே எதிர்பார்க்கிறேன். நாள் ஓடுகிறது.

உங்கள் அக்காள் கணவன்


ஏப்ரல் 28

அன்புள்ள அத்தானுக்கு,

பதில் ஐந்து வாரம் தாமதமாகிவிட்டது. யாருக்கும் உடம்புக்கு ஒன்றும் வரவில்லை.

நீங்கள் எழுதியதை அக்கா படித்தாள். கணினி வகுப்பு பற்றிய வரியை மறுபடி படித்தாள். கடிதத்தை மடித்து அவளே வைத்துக்கொண்டாள்.

அந்த மாடல் பிராசஸர் உங்கள் பக்கம் கிடைப்பது கஷ்டம் என்று விசாரித்ததில் தெரிந்தது. ஆகவே தனிப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். நீங்கள் எழுதியபடியே நடந்துவிட்டது, அதற்கு நான் என்ன செய்யட்டும். மற்ற ஆறையும் அங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள். ஜூன் முப்பதுக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது.

உடம்பைக் கவனிக்கவும்.

உங்கள் மைத்துனன்


மே 7

மைத்துனருக்கு,

நலம் என்று எழுதும் நிலையில் நான் இல்லை. காரணம் நீங்கள்.

பார்சல் வந்தது. பிரிக்காமல் இங்குள்ள கணினிக் கடைக்காரரிடம் கொண்டுபோய்ப் பழசா என்று பார்க்கச் சொன்னேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சீல் உடையல சார். புத்தம் புதுசு. யார் அனுப்பினது?"

"வேண்டாதவங்க."

"அப்படின்னா எனக்கும் நாலு வேண்டாதவங்களப் பிடிச்சுக் கொடுங்க சார்" என்றார்.

பிறகு, உங்கள் பட்டியலைக் காட்டாமல், இதற்கு எந்த மதர்போர்டு போடலாம் என்று கேட்டேன். நீங்கள் எழுதிய அதே மாடலைச் சொன்னார். முன்பின் பார்க்காத இரண்டு பேர், இரண்டு ஊரில், ஒரே எண்ணைச் சொன்னால் நான் என்ன நினைப்பது? பேசி வைத்துக்கொண்டீர்கள். இல்லாவிட்டால் இரண்டு பேருக்கும் அதே சரக்கு தேங்கிக் கிடக்கிறது. நான் ஏமாறவில்லை. "அது வேண்டாம்" என்று சொல்லி, அடுத்த தட்டில் இருந்த வேறொன்றை வாங்கினேன். "சார், அது இதுக்கு..." என்று ஆரம்பித்தவரைப் பேசவிடவில்லை.

வீட்டுக்கு வந்து பூட்டப் பார்த்தால் உங்கள் பிராசஸர் அந்தப் பள்ளத்தில் உட்காரவில்லை. நாலு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டேன். பொருந்தாத ஒன்றை அனுப்பி என்னைத் தடுமாறவிட்டு, "எதுவும்தான் வராது" என்று நீங்கள் சொன்னதை மெய்யாக்கப் பார்க்கிறீர்கள் என்றே எழுதுகிறேன். தப்பென்றால் காரணத்துடன் மறுக்கவும்.

குழந்தை நலந்தானே.

உங்கள் அக்காள் கணவன்


மே 19

அன்புள்ள அத்தானுக்கு,

குழந்தை நலம். சுவரைப் பிடித்து நிற்கிறது.

பொருந்தாதது பிராசஸர் இல்லை. நீங்கள் வாங்கிய மதர்போர்டு. மார்ச் மாதக் கடிதத்தில் "இதில் மட்டும் வேறு யோசனை வேண்டாம்" என்று எழுதியிருக்கிறது, எடுத்துப் பாருங்கள். ஒரு பிராசஸருக்குப் பொருந்தும் பலகைகள் சிலதான். அதனால்தான் இரண்டு பேரும் ஒன்றையே சொன்னோம். உண்மையும் சில சமயம் இரண்டு ஊரில் ஒரே மாதிரி இருக்கும். சந்தேகப்படுவதற்கும் வேறொன்றை வாங்குவதற்கும் நடுவில் அந்த மனிதரைப் பேசவிட்டிருக்கலாம்.

பள்ளத்தில் உள்ள ஊசிகள் வளையவில்லை என்றால் கடையில் மாற்றித் தருவார்கள். மேலே அழுத்தியிருக்கமாட்டீர்கள். உடைந்துவிடும் என்று பயப்படுவீர்கள்.

கேபினெட்டைத் தரையில் வைக்க வேண்டாம், மரத்தூள் ஏறும். புத்தக அலமாரியின் கீழ்த்தட்டு இருபதரை அங்குல ஆழம். நாலு தொகுதி அகராதியை எடுத்துவிட்டால் கச்சிதமாக உட்காரும். மூன்றாம் தொகுதியின் முதுகு பிரிந்திருக்கிறது. மெதுவாக எடுக்கவும்.

முழங்கால் எப்படி இருக்கிறது என்று நீங்கள் எழுதவே இல்லை.

உங்கள் மைத்துனன்


ஜூன் 5

உனக்கு,

முன்னால் என்ன போட்டு அழைப்பது என்று தெரியவில்லை. இருபத்தாறு வருடத்தில் உனக்கு நான் கடிதம் எழுதியதில்லை. நீ நலமா என்று கேட்கிறேன். இத்தனை கடிதங்களில் இதுதான் முதல்முறை என்பதை எழுதும்போது கவனித்தேன்.

வந்த கடிதங்களை மேசையில் வரிசையாகப் போட்டு, மெய்ப்புப் பார்ப்பதுபோலப் பார்த்தேன். முதலாவது உன் தம்பியின் கை. "நம்புங்கள்" என்பது அவன் வார்த்தைதான். மற்றவை அச்சில் வந்தவை. அவற்றில் ஒரு இடத்திலாவது என்னை நம்பச் சொல்லவில்லை. நீ என்னைப் பற்றி அவனிடம் சொல்லிச் சிரிக்கிறாய் என்று இரண்டு மாதம் நினைத்திருந்தேன். அலமாரித் தட்டின் ஆழத்தை இருபதரை என்று அளந்தது ஒரே ஒருத்தர்தான். பூச்சி வராமலிருக்கத் தாள் விரிப்பதற்காக. இந்தக் கடிதங்களை எழுதியது நீ.

மூன்றாம் தொகுதியை மெதுவாகத்தான் எடுத்தேன். உள்ளே இருக்க வேண்டியது இல்லை.

இடம் கிடைக்கவில்லை என்று உன்னிடம் சொன்னது பொய். கிடைத்தது. சேர்ந்துகொள்ளச் சொல்லி வந்த அட்டையை நான்தான் வாங்கினேன். அந்த மாதம்தான் அச்சகத்தில் முதல் கணினியை இறக்கியிருந்தார்கள். எங்கள் பிரிவில் எல்லோரும் அதைச் சுற்றி நின்றார்கள், நான் மட்டும் போகவில்லை. நீ அதைக் கற்றுக்கொண்டு வந்தால் வீட்டிலும் அதைச் சுற்றி நிற்க வேண்டியிருக்கும் என்று பட்டது. அட்டையை அகராதிக்குள் வைத்தேன். கிழிக்கவில்லை. மூலப்படியைக் கிழிக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது.

மார்ச்சில் அதே பொய்யை மறுபடி எழுதினேன், உனக்கே. நீ ஐந்து வாரம் பதில் போடவில்லை.

எப்போது பார்த்தாய்? பார்த்த அன்றே ஏன் கேட்கவில்லை?

மதர்போர்டை மாற்றினேன். எல்லாம் பூட்டியாயிற்று. ஸ்விட்சைப் போட்டால் ஃபேன் சுற்றுகிறது, திரை கறுப்பாகவே இருக்கிறது, உள்ளே மூன்று முறை ஒலிக்கிறது. கடைக்காரரைக் கூப்பிடலாம். கூப்பிடவில்லை.

இந்தக் கடிதத்தை முதலில் பிரிப்பது நீயா உன் தம்பியா என்று தெரியாமல்தான் அனுப்புகிறேன்.

நான்


ஜூன் 14

உங்களுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். இது என் கைதான், சந்தேகம் வேண்டாம். தம்பிதான் பிரித்தான். முதல் வரியைப் பார்த்துவிட்டு, "இது எனக்கில்ல" என்று கொடுத்துவிட்டுப் போய்விட்டான்.

முதலில் கணினி. மூன்று முறை ஒலித்தால் பெரும்பாலும் ராம். மின்சாரத்தைப் பிடுங்கிவிட்டு இரண்டு துண்டுகளையும் எடுத்து மறுபடி செருகுங்கள். இரண்டு ஓரமும் டக்கென்று சத்தம் வரும்வரை கட்டைவிரலால் அழுத்த வேண்டும். நீங்கள் பாதியில் விட்டிருப்பீர்கள். உடையாது. அழுத்துவதற்கென்றே செய்தது.

அட்டையைப் போன வருடம் ஜூலையில் பார்த்தேன். அலமாரிக்குத் தாள் மாற்றும்போது கீழே விழுந்தது. சேரவேண்டிய தேதி போய்ப் பதினோரு வருடம் ஆகியிருந்தது. அன்று சாயங்காலம் நீங்கள் வந்து டீ கேட்டீர்கள். கொடுத்தேன். ஒரு மாதம் கழித்துத் தம்பி பிரசவத்துக்குக் கூப்பிட்டான். புறப்பட்டேன்.

ஏன் கேட்கவில்லை என்கிறீர்கள். கேட்டிருந்தால் காரணம் சொல்லியிருப்பீர்கள். உங்களிடம் எப்போதும் காரணம் இருக்கும். கேட்டு முடிக்கும்போது தப்பு என் பக்கம் வந்திருக்கும். உங்கள் காரணத்தைக் கேட்காமல் கொஞ்ச நாள் இருந்து பார்க்கலாம் என்று தோன்றியது.

முதலில் குழந்தையைப் பார்த்துக்கொண்டேன். குழந்தை தூங்கும்போது கடையில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தேன். அப்புறம் ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுத்தேன். இப்போது கடையில் பூட்டுவது முழுக்க நான்தான். ஒருவர் போன வாரம், "பூட்டினது அந்த அக்காதானே? அப்ப சரி" என்று சொல்லி எடுத்துப்போனார். உங்கள் பட்டியலுக்குத் தம்பி எழுதிய எண்களில் மூன்றை, அனுப்பும் முன்னால் நான் சொல்லி மாற்றவைத்தேன். அவனுக்கு உங்களைத் தெரியாது.

நீங்கள் சிரிப்பதற்காகவோ நான் சிரிப்பதற்காகவோ அந்தக் காரணங்களை எழுதவில்லை. நீங்கள் கேட்டீர்கள். பாகத்தை யார் முன்னால் வைக்கப் போகிறோம் என்று தெரியாமல் காரணம் எழுத வராது.

ஜூன் முப்பதுக்கு நாள் அதிகம் இல்லை. உட்கார்ந்து வேலையைப் பாருங்கள்.

நான் எப்போது வருவேன் என்று நீங்கள் இதுவரை கேட்கவில்லை. என் பாடு என்று எழுதினீர்கள். சரி, என் பாடுதான். அடுத்த கடிதம் எழுதினால் உறைமேல் என் பெயரைப் போடுங்கள்.

ஒத்தடம் கொடுங்கள். வெந்நீர்ப் பை சமையலறை மேல்தட்டில், இடது ஓரம்.

இப்படிக்கு உங்கள் மனைவி


ஜூலை 10

உனக்கு,

முழங்கால் கொஞ்சம் மடங்குகிறது. பை நீ சொன்ன இடத்தில் இருந்தது. நீ சுகமாக இருக்க வேண்டும். தம்பி வீட்டாரையும் விசாரித்தேன்.

உறைமேல் உன் பெயரைப் போட்டிருக்கிறேன். எழுதிவிட்டு, எழுத்துப்பிழை இருக்கிறதா என்று மூன்று முறை பார்த்தேன். அந்தப் பெயரை நான் எழுதி எத்தனை வருடம் ஆயிற்று என்று அப்போதுதான் தெரிந்தது.

டக்கென்ற சத்தம் நாலு முறை கேட்டது, இரண்டு துண்டுக்கும் இரண்டு ஓரம். திரை வந்துவிட்டது. முழுப் பக்கமும் ஒரே பார்வையில் தெரிகிறது, எதையும் மறைக்கவில்லை. நாற்பது பக்கங்களையும் இருபத்தொன்பதாம் தேதி அனுப்பினேன். ஒரு திருத்தம் தப்பு என்று அச்சகத்தார் எழுதினார்கள். அது அவர்கள் தப்பு, அகராதியைக் காட்டி மறுத்தேன். வேலை எனக்குத்தான் என்று நேற்றுத் தகவல் வந்தது. ஏன் இவ்வளவு சுலபமாக ஒப்புக்கொண்டார்கள் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அட்டை உன்னிடமே இருக்கட்டும். அதை நான் கேட்க முடியாது.

நான் இதுவரை கேட்காததைக் கேட்கிறேன். எப்போது வருவாய்? தேதி தெரிந்தால் தேதி எழுது. கடையை விட்டு வரமுடியாது என்றால் அதை எழுது. நான் அங்கே வந்து பார்ப்பதில் தடையில்லை என்றால் அதையும் எழுது. வரவே போவதில்லை என்றாலும் உன் கையால் எழுது.

இந்த ஒன்றுக்கு மட்டும் காரணம் எழுத வேண்டாம்.

உன் கணவன்